இரண்டாவது ரத்தப் பரிசோதனை

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முத்துக்குமாருக்கு அப்பா எழுதுவது. நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ அந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன்னோடு வேலை செய்யும் யேசுதாஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விடவில்லை. ஈரத்தில் பாவு நூல் ஒட்டிக்கொள்கிறது. நான்கு நாளாகத் தறி சும்மா கிடக்கிறது. போன வாரம் தலைசுற்றல் என்று சுகாதார நிலையத்துக்குப் போனேன். பிரஷர் முதலில் நூற்று எழுபது. கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தால் நூற்று ஐம்பது. மூன்றாவது தரம் நூற்று நாற்பத்திரண்டு. ஒரு தரம் பார்த்துவிட்டு மாத்திரை கொடுக்க மாட்டோம் என்றார் நர்ஸ் ஜெயம்மாள். எனக்குச் சுருக்கென்றது. உன் மனைவி விஷயத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு காகிதம்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. சந்தியாவுக்குப் பதிலாக ரிப்போர்ட் வாங்கப் போனவன் நான். பால்வினை நோய்க்கான வரியில் 'ரியாக்டிவ்' என்று இருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதுவே போதும் என்று உனக்குப் போன் போட்டேன். நீ அவளிடம் ஒரு கேள்வி கேட்டாய். பிறகு பேசவே இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. "மாமா, எனக்கு இருக்குதுன்னா அவருக்கும் இருக்கலாம் இல்ல? அவரை டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஐந்து மாத வயிற்றோடு கூரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

பிரஷர் பார்த்த அன்றுதான் ஜெயம்மாள் கேட்டார்: "உங்க மருமக எங்க? ரெண்டாவது டெஸ்டுக்கு ஏன் கூட்டிக்கினு வரல?" அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். நோய் உள்ள ஒருத்தரைக்கூட விட்டுவிடக் கூடாது என்று எடுப்பது முதல் டெஸ்ட். அதனால் நோய் இல்லாதவர்களையும் அது சேர்த்துக் காட்டுமாம். கர்ப்பமானாலேகூடச் சிலருக்கு அப்படி வருமாம். "ஆயிரம் பொண்ணுங்களைப் பார்த்தா நோய் இருக்கிறது ரெண்டு பேருக்குத்தான் பெரியவரே. ஆனா இந்த டெஸ்ட் பன்னண்டு பேரைக் காட்டும். மீதிப் பத்துப் பேர் என்ன பாவம் பண்ணாங்க?" என்றார். அந்தப் பத்துப் பேரை அவரவர் வீட்டில் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கூரம் போய் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தேன். வேறு வகை டெஸ்ட் எடுத்தார்கள். நோய் இல்லை. அந்த ரிப்போர்ட்டை நானே கூரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், திருப்பிக் கொடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சதுதானே மாமா. இது உங்களுக்குத்தான்" என்றாள். வீட்டுக்கு வாம்மா என்றேன். மோர் கொடுத்தாள், வரவில்லை.

பிரசவத்துக்கு முன் இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். எந்த டெஸ்டும் நூற்றுக்கு நூறு இல்லை என்கிறார் டாக்டர். அந்தக் காகிதமும் வரட்டும் என்று காத்திருக்காதே, முத்து. அவசரப்பட்டவன் நான்தான். ஆனால் நான் எத்தனை தரம் கூரம் போய் மன்னிப்புக் கேட்டாலும் அது நீ கேட்டதாகாது. உனக்காகப் பேசி எனக்கும் அலுத்துவிட்டது.

அவளுக்குப் போன் செய். ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்றும் பேசாதே. குழந்தை அசைகிறதா என்று மட்டும் கேள்.

காமாட்சி உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
உமாபதி