மேனேஜரம்மா முடி வெட்டிக்கொண்ட வாரம்

மார்ச் 5, செவ்வாய்

விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருக்கிறது. பள்ளியை விட்டு ஒரு வருடம். அம்மாவின் பார்லரில் தலை கழுவிவிடுவதுதான் என் வேலை. பிடித்த வேலை. தொட்டியில் தலையைச் சாய்த்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

"தண்ணி சூடு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அம்மா தினமும் சொல்கிறாள். எனக்கு வாய் வருவதில்லை. மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை யாருக்கும் சுட்டதில்லை.

மார்ச் 8, வெள்ளி

தாசோம் மோட்டார்ஸ் இன்றும் ஏறியது. எல்லோர் போனிலும் சிவப்பு. எங்கள் ஊர்ப் பங்குச் சந்தையில் ஏறினால் சிவப்பு, இறங்கினால் நீலம். தலையில் முடியைச் சுருட்டும் கட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்து, மடியில் போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சந்தில் அந்த மின்சாரக் காரை ஓட்டுகிறவர் யாருமில்லை. பங்கு வாங்காதவரும் யாருமில்லை.

அம்மாவின் சேமிப்பு முழுக்க அதில்தான். பெரிய சாலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த கடை ஒன்று காலியாக இருக்கிறது. முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும். "ரெண்டு நாற்காலி போடலாம்டி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு."

மார்ச் 12, செவ்வாய்

மேனேஜரம்மா நேரம் குறித்துவிட்டுப் போனார். உடனே கடையே பரபரத்தது. அவர் கணவர், தாசோம் கார்களுக்கு மோட்டார் செய்துகொடுக்கும் கம்பெனியில் மேனேஜர். மேனேஜரம்மாவோ கம்பெனியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அதனால் எல்லோரும் அவர் தலையைப் படிக்கிறார்கள்! போன சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு விலை உயர்ந்த சுருள் வைத்துக்கொண்டார். மறுவாரமே புதுக் கார் அறிவிப்பு வந்து விலை பறந்தது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம்.

"அங்க ஆர்டர் வந்தா இங்க சுருள் வரும்," என்கிறாள் பக்கத்துக் கிம்ச்சி ஊறுகாய்க் கடை மல்-சுன் பெரியம்மா. "அதுக்கு எதுக்கு டிவி பார்க்கணும்?"

மார்ச் 19, செவ்வாய்

எழுதலாமா? எழுதினால் சொன்னதாகுமா?

மேனேஜரம்மா தலையைச் சாய்த்தார். இடுப்பு வரைக்கும் முடி, தொட்டி நிறைந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்குள், கண்ணை மூடியபடியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நாரே, இன்னிக்குக் காதுக்கு மேல வெட்டச் சொல்லப்போறேன். அடுத்த வாரம் மருந்து ஏத்துறாங்க. எப்படியும் கொட்டிடுமாம். இவ்வளவு நீளமா தலையணையில கிடந்தா என்னால பார்க்க முடியாது, கண்ணு. யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட. என் பொண்ணுக்கே இன்னும் சொல்லலை."

நான் தலையாட்டினேன். கண்ணை மூடியிருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பின்கழுத்தில் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். "ம்," என்றார்.

அம்மா கத்தரியை வைத்துக்கொண்டு தவித்தாள். "ஐயோ, இந்த முடியையா?"

"சலிச்சுப்போச்சு, வெட்டுங்க."

கட்டைத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

மார்ச் 20, புதன்

"சுருளும் இல்ல, சாயமும் இல்ல. மொட்டையடிக்காத குறைதான்!"

"ஆர்டர் போச்சுன்னு அர்த்தம்."

"அவ புருஷன் வேலையே போச்சோ என்னமோ. மனசு விட்டுப்போனாதான் பொம்பளை முடியில கை வைப்பா."

சலவைக்கடை பில்-நியோ சித்தி அப்போதே விற்றாள். மல்-சுன் பெரியம்மா மிளகாய் விழுது அப்பிய கையோடு ஓடிவந்து, மூக்கு நுனியால் போனை அழுத்தி விற்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீதானேடி கழுவிவிட்ட? என்ன சொன்னா?"

அத்தனை கண்களும் என் மேல். காது எரிந்தது.

"ஒ... ஒண்ணும் சொல்லலை."

"அடியாத்தி, இதுக்கு வாய் இருக்கு!"

மாலையில் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த நீள முடி இன்னும் ஒரு மூலையில் கிடந்தது. அம்மா போனைப் பார்த்தபடியே, "நாளைக்குப் பங்குச் சந்தை திறந்ததும் நானும் வித்துடறேன்," என்றாள்.

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அவங்க முடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்ல முடியாது."

அம்மா என்னையே பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டப்பவும் இதையேதான் சொன்ன."

போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 21, வியாழன்

அம்மா விற்கவில்லை.

மார்ச் 27, புதன்

கொஞ்சம் சிவப்பு. விற்றவர்களுக்கு அம்மா மேல் கோபம். மல்-சுன் பெரியம்மா முள்ளங்கிக் கிம்ச்சி அனுப்பவில்லை. அம்மா ஜன்னல் கடைக்கு என்ன நிறத் திரை என்று என்னைக் கேட்டாள். மஞ்சள் என்றேன்.

மேனேஜரம்மா இப்போது எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாரோ.

ஏப்ரல் 4, வியாழன்

நீலம். அடிமட்டம் வரைக்கும் நீலம்.

கார் விற்ற கணக்கு வெளியாகியிருக்கிறது. எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லையாம். முடி அடையாளம் இல்லை என்பதுதானே எனக்குத் தெரிந்தது? அதனால் விலை இறங்காது என்று நானாக எப்படி முடிவு கட்டினேன்? நானும் அவர்களைப் போலத்தானே அந்தத் தலையைப் படித்தேன். முட்டாள். முட்டாள்.

அம்மா கேட்கவே இல்லை. கேளேன்மா. திட்டித் தொலையேன்!

ஏப்ரல் 9, செவ்வாய்

தாசோம் இன்னும் இறங்குகிறது. ஜன்னல் கடையை ஒரு காபிக்கடைக்காரர் எடுத்துவிட்டார்.

மல்-சுன் பெரியம்மா சந்து முழுக்க அரிசிக் கேக் கொடுத்தாள். "மேனேஜரம்மா தலை என்னைக் காப்பாத்திடுச்சு! ஆமா, வெட்டின கை உன்னோடது. நீ மட்டும் எப்படி விக்காம போன?"

"என் கண்ணு கத்தரி மேலயே இருந்துடுச்சு," என்று அம்மா சிரித்தாள். என் பெயரைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, சனி

மேனேஜரம்மா தொப்பியோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கழற்றினார். அங்கங்கே திட்டுத் திட்டாக.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், நாரே," என்றார் என்னிடம். "இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. முழுசா மழிச்சுடலாம்."

அம்மா அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நெடுநேரம். அப்புறம் போய்க் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டாள். சனிக்கிழமை, நல்ல வியாபார நேரத்தில்.

கட்டைகளோடு உள்ளே மாட்டிக்கொண்டது மல்-சுன் பெரியம்மா ஒருத்திதான். முகம் செத்துப்போயிருந்தது. "நான் உங்க தலையைப் பார்த்துட்டு... பங்கை..."

"ஓ, அதுக்குத்தானா அரிசிக் கேக்? என்ன விசேஷம்னே விளங்காம நாங்க ரெண்டு நாள் வச்சுத் தின்னோம்," என்று சொல்லி மேனேஜரம்மா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். மல்-சுன் பெரியம்மா எழுந்து வந்து, பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மழித்தாள். நான் கழுவினேன். கையில் அடங்குகிற சின்னத் தலை.

எல்லோரும் போன பிறகு அம்மா என் தலையில் கை வைத்தாள். கையில் சுருள் மருந்தின் வாடை.

"அடுத்த தடவையும் சொல்லாத," என்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

அதே சந்து, அதே கடை. தாசோம் நீலத்திலேயே கிடக்கிறது. சந்தில் இப்போது வேறேதோ பேட்டரிக் கம்பெனிப் பேச்சு. அம்மா போனை எடுத்துப் பார்ப்பதில்லை. போன வாரம் மூலையில் இடம் ஒதுக்கி, இன்னொரு பழைய நாற்காலி வாங்கிப் போட்டாள்.

இன்று மேனேஜரம்மா அதில் உட்கார்ந்தார். அவர் பெயர் யோன்-சில். இத்தனை நாளும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முடி விரல்நுனி அளவு வளர்ந்திருக்கிறது, கோழிக்குஞ்சு போல மெத்தென்று. மல்-சுன் பெரியம்மா எட்டிப் பார்த்தாள். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தொப்பி போடுங்க, சளி பிடிக்கும்," என்று மட்டும் அதட்டினாள்.

யோன்-சில் அம்மா தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். ஒரு சொட்டு ஷாம்பு போதும். மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். புதுத் தோல். என் மணிக்கட்டை நம்ப முடியவில்லை.

"தண்ணி சூடு சரியா இருக்கா?"

அம்மாவின் கத்தரிச் சத்தம் நின்றது.

யோன்-சில் அம்மா கண்ணைத் திறந்து, தலைகீழாக என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சூடா விடு, கண்ணு," என்றார்.