பெயருக்குப் பின்னால் காலியிடம்

மச்சான்,

இன்று காலை உன் முதலாண்டு நினைவஞ்சலி ஃபிளெக்ஸ் மிஷினிலிருந்து சூடாக இறங்கியது. இந்த மை வாசனை உனக்கு ஆகவே ஆகாது. கடைக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள குந்திக்கினு எப்டிடா சோறு துன்ற?" என்பாய். உன் பெயருக்குப் பின்னால் எம்.காம். கட்டாயம் இருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லிவிட்டார். போட்டிருக்கிறேன். நீ படித்ததைப் போட எனக்கென்ன வலிக்கிறது? உன் படத்தைப் பார்த்தால்தான் வலிக்கிறது.

நான் 2004-இல் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய் அப்பா படுத்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவன் நான். கடலூரில் எந்தக் கம்பெனி வாசலில் நின்றாலும், "ப்ளஸ் டூவா, ஐ.டி.ஐ.யா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் எனக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்தார்கள். சிதம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்காரர்தான் எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அங்கே என் வேலை என்ன தெரியுமா? ஊரார் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது! கல்யாண பேனரோ காதுகுத்து பேனரோ, டைப்பிங் பாஸானவன்கூட அதைப் பெயரோடு சேர்த்துப் போடச் சொல்வான்.

காலேஜ் விழாவுக்கு பேனர் அடிக்க வந்துதான் நீ பழக்கமானாய். அப்போது மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. நான்கு வருடம் கழித்து நீயே அதை நிஜமாக்கினாய். உன் தங்கையை எனக்குக் கொடுக்கலாம் என்று உன் வீட்டில் பேசினாய். அவளும் சரி என்றாள்.

செம்மண்டலத்தில் உங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை எழுத உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. உன் பெரியப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மாப்ளைக்கு பி.ஏ.ன்னு போட்டுடுங்க. எவன் வந்து சர்டிபிகேட்ட பாக்கப்போறான்? பொண்ணு பி.எஸ்ஸி., மாப்ள பேரு மட்டும் மொட்டையா நின்னா சொந்தக்காரங்க மூஞ்சில எப்டி முழிக்கறது? இல்லாங்காட்டி இந்த சம்பந்தமே வாணாம்."

என் அம்மா உடனே தலையாட்டிவிட்டார். ஊரில் நடக்காததா? நானும் ஒரு 'உம்' கொட்டினால் கல்யாணம் நிலைத்துவிடும். தொண்டையில் அந்த 'உம்' வந்து நின்றது. அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"அப்ப யாருக்குமே போட வாணாம் பெரிப்பா. என் எம்.காமையும் எடுத்துடுங்க. பேரு மட்டும் இருக்கட்டும்."

உள்ளேயிருந்து உன் தங்கை வந்தாள். உன்னைத்தான் முறைத்தாள்.

"நான் படிச்சத நான் ஏன் எடுக்கணும்? பஸ்ஸுல தொங்கிக்கினு போயி படிச்சது. எனக்குப் போடுங்க. அவுருக்கு இல்லன்னா இல்லாமயே இருக்கட்டும். தெரிஞ்சிதான கட்டிக்கறேன்?"

நீ சிரித்தாய். "அப்ப மாப்ள பேர கொஞ்சம் பெருசா போட்டுடலாம் பெரிப்பா, எடம் ரொம்பிடும்." பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்திரிகை அப்படியே அச்சாகிவிட்டது.

கல்யாணத்தன்று திட்டக்குடியிலிருந்து வந்த உறவினர் மேடையிலேயே உன்னைக் கேட்டார், "மாப்ள படிப்ப அச்சுல வுட்டுட்டாங்களா?"

"வுடல மாமா, அவுரு பதினொண்ணோட நின்னுட்டாரு. வாசல்ல பேனர் பாத்தீங்கல்ல, அது அவுரு பண்ணதுதான்."

ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாய். கழுத்து மாலைக்குள் நான் கூனிப்போவேன் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமே அந்த மாமா தன் உரக்கடைக்கு போர்டு எழுத என்னிடம்தான் வந்தார்.

படிப்பை விட்டதால் போன வேலைகள் போனவைதான், அதை மழுப்ப மாட்டேன். கம்பெனிக்குப் போன கூட்டாளிகளுக்கு போனஸ் உண்டு, லீவு உண்டு. எனக்குக் கரண்ட் போனால் பிழைப்பும் போச்சு, இப்போது அது எந்நேரமும் போகிறது. ஆனாலும் இப்போது நான் வைத்திருக்கும் கடை என் சொந்தக் கடை. உன் தங்கை பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். குறையில்லாமல் இருக்கிறோம். காமாலை உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மா, "அப்பா என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். உன் தங்கை என்னையே பார்த்தாள்.

"ப்ளஸ் ஒன் மேடம்" என்றேன். வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், மச்சான்.