பதினொன்று என்று எண்ணினேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை ஏறவில்லை, முழங்கால் வலி போன மாதம் இருந்த அளவில்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிற என் பேரனும் சுகமாக இருக்கவேண்டும் என்று பல் தேய்க்கும்போதுகூட நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அவன் எடை நூறு கிராம் கூடியிருப்பதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். அதை ஒரு துண்டுச்சீட்டில் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வருவதில்லை, நல்லா இருக்கேன் நீ நல்லா இருக்கியா என்பதற்குமேல் நாக்கு நகர மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் அந்த நாட்டுக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். ஆகவே எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிவிடுவேன், நடுவில் என் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக நான் வேன் ஓட்டவில்லை. வேன் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய். அது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சேறு காய்ந்து நிற்கிறது. நீ பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, அதுவும் ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை, அந்த நேரத்தில் இதையும் உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். வேனில் பதினோரு பிள்ளைகள், கூட ஆயா. ரயில் பாலத்துக்கு அடியில் போகிற சுரங்கப் பாதையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் ஒரு கார் போய் மறுபக்கம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன், நானும் இறக்கினேன். பாதி தூரத்தில் என்ஜின் இருமி நின்றுவிட்டது. மேட்டிலிருந்து தண்ணீர் புதிதாகத் திறந்துவிட்டது மாதிரி வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆனாலும் ஏதோ ஒன்று ஓடியது. பிள்ளைகளை சீட்டின்மேல் நிற்கச் சொல்லிவிட்டு இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன். பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடிவந்து வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள். ஆயா வழுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பாவம்.

மேட்டில் நின்று எண்ணினேன். பதினொன்று என்று வந்தது. எல்லாரும் இருக்காங்க என்று சத்தம் போட்டுச் சொன்னேன், யாரோ என் முதுகில் தட்டினார்கள். மழையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனை நான் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். அம்மாடி, இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. பேச்சுவாக்கில் திரும்பி வேனைப் பார்த்தபோது கடைசி ஜன்னல் கம்பியில் பத்து விரல் தெரிந்தது. பொடிசு. நாலு வயசுப் பெண், வேனிலேயே சின்னது, பொடிசு என்றுதான் நான் கூப்பிடுவேன். ஷூ கழன்று விழுந்ததென்று சீட்டுக்கடியில் குனிந்திருக்கிறாள், அந்த நேரத்தில்தான் நான் பின்சீட்டைப் பார்த்து யாருமில்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவள் சீட்டின்மேல் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்கவேண்டியிருந்தது. மூன்று நான்கு நிமிஷம் அவள் அங்கே தனியாக நின்றிருக்கிறாள். மேட்டில் இருந்த குழப்பத்தில் அவள்தான் வரிசையில் கடைசி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு எனக்குக் கை தட்டினார்கள். பெற்றோர் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுவரில் மாட்ட மனசு வராமல் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவைத்திருக்கிறேன். அன்றிலிருந்து வீட்டில் சும்மா இருக்கிறேன். சாவியைக் கையில் எடுத்தாலே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று தலைமையாசிரியை மேடத்திடம் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியும், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை அந்தப் பதினோரு வாயும் ஓயாது. வேன் தாத்தா, வேனுக்குப் பல் இருக்கா, வேன் எங்க தூங்கும், உங்க முடியை யார் திருடினாங்க என்று கேட்டுக்கொண்டே வரும். இப்போது அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. துணி துவைத்தாயிற்று, துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாயிற்று. முந்தாநாள் எங்கும் போகவேண்டியதில்லாமல் டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் கொஞ்சம் நகருங்க என்று சொன்னாள். அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

பொடிசு அந்த நாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். படுக்கும்போதுகூட ஷூவைக் கழற்ற விடவில்லையாம், குளிக்கப் பக்கெட்டில் தண்ணீர் திறந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். அவள் அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், தனி மனுஷி, அக்கம்பக்கத்தில் சொந்தமென்று யாருமில்லை. லீவு போட்டுப் போட்டு வேலையே போய்விடும் போல இருந்தது. பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற ஆலோசகர் ஒருத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். உன் வயசுதான் இருக்கும், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசுகிறாள். பெற்றோரோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கதவோரமாக நின்றேன். அப்போது பொடிசு அம்மா சொன்னாள்: "நான் தினமும் அவகிட்ட சொல்றேங்க, ஒண்ணுமே ஆகலடா, வேன் தாத்தா எல்லாரையும் உடனே தூக்கிட்டு வந்துட்டாருல்லன்னு. அதைச் சொன்னாத்தான் காதைப் பொத்திக்கிறா, நேத்து என்னைக் கடிச்சே வெச்சுட்டா." அதற்கு ஆலோசகர் சொன்னாள்: "சின்னப் பிள்ளைதானே மறந்துடும்னு நாம நெனைக்கிறோம். மறக்காதுங்க. அதுக்கு நடந்தது ஒண்ணு, நாம சொல்றது ஒண்ணுன்னா, யாருமே கூட இல்லாம அது தனியா மாட்டிக்கும். நடந்ததை நடந்த மாதிரி, அதுக்குப் புரியற வார்த்தையில சொல்லணும். அப்புறம் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்." அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று உலகத்தில் தெரிந்தது இரண்டே பேருக்கு, அதில் ஒருத்தி பேசவில்லை, இன்னொருத்தன் கை தட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

கூட்டம் முடிந்ததும் ஆலோசகரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். முதலில் தாயிடம், பிறகு பிள்ளையிடம் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் என்றாள். போன புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒரே அறை, கட்டில், தையல் மெஷின், ஜன்னலில் காயப்போட்ட சின்னச் சின்ன சாக்ஸ். தாயிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்பது போல் கட்டிலுக்கடியைக் காட்டினாள். முழங்காலைப் பார்க்காமல் நானும் தரையில் படுத்தேன். பொடிசு சுவரோரமாகச் சுருண்டிருந்தாள். "கண்ணு, அன்னைக்குத் தாத்தா தப்பா எண்ணிட்டேன். எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன். நீ உள்ள இருந்தது எனக்குத் தெரியல. நீ தனியா நின்னே. தண்ணி வந்துச்சு. உனக்கு ரொம்பப் பயமா இருந்திருக்கும். தப்பு உன்னோடது இல்ல, தாத்தாவோடது" என்றேன். அப்புறம் கரகரவென்று, யாரோ பெரிய மனுஷி பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது: "நான் கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல." பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. ஆமாம்மா, கேக்கல, திரும்பல என்றேன். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே தவழ்ந்து வெளியே வந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். அவள் அம்மாவும் அழுதாள், பிள்ளை தலைக்கு மேலாக என்னைப் பார்த்து "நீங்க கெளம்புங்க ஐயா" என்றாள். கிளம்பிவிட்டேன். படியில் இறங்கும்போது மேலே இரண்டு பேரும் அழுவது தெருவரை கேட்டது.

பொடிசு அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை, பேசவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. மற்ற பெற்றோருக்கும் செய்தி போய்விட்டது. மேடம் போன் பண்ணி, வேனைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்கள். இந்தத் தெருவில் முன்பு கையசைத்தவர்கள் இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அது கிடக்கட்டும். நேற்று ஆலோசகர் போன் பண்ணினாள், பொடிசு பேசுகிறாள், நடுநடுவே அலறி எழுகிறாள், தண்ணீரைக் கண்டால் இன்னும் நடுக்கம் இருக்கிறது, ஆனால் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறாள், இதெல்லாம் நாள் பிடிக்கும் என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "அப்பா, அவனைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலப்பா, யாரோட பிள்ளையோ மாதிரி இருக்கு" என்று. நான் உடனே எல்லாம் சரியாயிடும் தைரியமா இரு என்று சொல்லிவிட்டு, குக்கர் சத்தம் கேட்கிறது என்று போனை வைத்துவிட்டேன். குக்கரே வைக்கவில்லை. அதற்கு நாலு நாளைக்கு முன்னால் ஊரார் பிள்ளைக்காகத் தரையில் படுத்து உண்மையைச் சொல்லத் தெரிந்த மனுஷனுக்குப் பெற்ற மகளிடம் இரண்டு நிமிஷம் நிற்கத் தெரியவில்லை. உனக்கு இது முதல் தடவையும் இல்லை. உனக்கு ஆறு வயசில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவாள் என்று சொன்னேன். பரீட்சை முடிந்த அன்று நீ நீல கவுனைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய், இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாய், பஸ் லேட்டாயிருக்கும் என்று நான் அதற்கும் ஒரு பொய் சொன்னேன். கடைசியில் கூடப் படிக்கிற பெண் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் சீப்பை எடுத்து உன் புத்தகப் பையில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு எதையுமே கேட்காத பிள்ளையாகிவிட்டாய், ஊரே சமத்து என்றது, நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அது சமத்து இல்லை, உன்னைத் தனியாக விட்டுவிட்டேன் என்பது எனக்கு இந்த வயசில்தான் உறைக்கிறது. அம்மா இறந்துபோனாள் கண்ணு. உன்னை விட்டுப் போகவேண்டும் என்று போகவில்லை. நீ எங்கே என்று கடைசிவரை கேட்டாள், உன்னை அழைத்து வராதது என் தப்பு. இருபத்தெட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி, பெயர் சொல்லாமல், நேற்று ஆலோசகரிடம் கேட்டேன். குறைமாதத்தில் பிள்ளை பெற்று, தொட்டுத் தூக்கக்கூட விடாமல் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிற்கிற தாய்மார் நிறையப் பேருக்கு இப்படி மரத்துப்போகுமாம். பாசம் இல்லாததால் இல்லையாம், பயந்த மனசு கதவைச் சாத்திக்கொள்கிறதாம். அதைத் தைரியமாக வாய்விட்டுச் சொல்பவர்களுக்குத்தான் உதவி கிடைக்கிறது என்றாள். ஆகவே அங்கே உன்னைக் கவனிக்கிற நர்சிடமும் டாக்டரிடமும் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்லு, நாளைக்கே சொல்லு. பிள்ளையை வெறும் மார்பில் போட்டுக்கொள்ள எப்போது விடுவார்கள் என்றும் கேள். ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, போட்டுக்கொள். அவனிடம் பேசு. நீ சீக்கிரம் வந்துவிட்டாய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லு, அவனுக்கு உன் குரல் போதும். மாப்பிள்ளையிடமும் மறைக்காதே, அவரும் பயந்துதான் போயிருப்பார். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்.

என் பேரனுக்கும் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், என் மிச்ச ஆயுசையும் சேர்த்து வாழ்ந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, தனியாக உட்கார்ந்து மெஷினில் பால் எடுப்பதாகச் சொன்னாயே, அப்போது இங்கே பகல், நான் வெறுமனே உட்கார்ந்திருக்கிற நேரம். அந்த நேரத்தில் எனக்குப் போன் போடு. பேச வேண்டாம். பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நான் வைக்க மாட்டேன்.

உன் அப்பா