மோடம் வாங்கிக் கொடுத்த டீச்சர்

ஜூன் 12, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட சேலை முழுக்க மண். பள்ளி திறந்து முதல் வாரம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பில் 41 பேர், பெஞ்சு 36 பேருக்கு. ஹெச்.எம்.மிடம் சொல்ல வேண்டும்.

மாலை பாளை பஸ் ஸ்டாண்டில் ஜமீலா. நாலு வருடம் முன்னால் என்னிடம் படித்தவள். இப்போது மேலப்பாளையத்தில் மருமகள். கணவன் ஷாகுல் சவூதியில், தம்மாமில் வேலை. போன லீவில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனானாம். மோடம் ஒன்று மாட்டினால் கடிதம் எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்கிறானாம்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். நீங்க பாத்து ஒண்ணு எடுத்துத் தாங்க. மாமியும் டீச்சர் சொன்னாத்தான் சரிங்காவ."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆறு வருடமாக மோடம் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் ஒரு கட்டம். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் டெலிபோன். ஐந்து மார்க் கேள்வி. மோடத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஜூன் 14, புதன்

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை. போனதும் கடை அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "உள்ள மாட்டுததா, வெளிய வைக்கதா டீச்சர்?"

இரண்டு வகை உண்டு என்பதே அப்போதுதான் தெரியும். உள்ளே மாட்டுவது ஒரு அட்டை. கம்ப்யூட்டரைத் திறந்து செருக வேண்டும். வெளியே வைப்பது சின்னப் பெட்டி, முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்கு.

"உள்ள ஸ்லாட் காலியா இருக்கான்னு பாத்தீங்களா?"

"வெளியே வைக்கிறதே கொடுங்க. ரிப்பேர் வந்தா பார்க்க வசதி."

"டீச்சருக்குத் தெரியாததா!"

நிஜக் காரணம், கம்ப்யூட்டரைத் திறக்கப் பயம். அப்புறம் வேகம். 33.6 ஒன்று, 56 ஒன்று. "அம்பத்தாறு எடுங்க. ஆனா நம்மூரு லைன்ல நாப்பது வந்தாலே பெரிய காரியம்" என்றார். ஏன் வராது? கேட்கவில்லை. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

வரும் வழியில் கத்தரிக்காய், தேங்காய். சீயக்காய் மறந்துவிட்டது.

ஜூன் 17, சனி

மேலப்பாளையம். ஜமீலாவின் மாமியார் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ, வட்டிலப்பம், ஃபேனை என் பக்கம் திருப்பல். கம்ப்யூட்டர் ஹாலில், போன் பக்கத்திலேயே, பூப்போட்ட துணி மூடி.

மோடத்துக்குப் பின்னால் ஒரே அளவில் இரண்டு துளை. சுவரிலிருந்து வந்த வயரை ஒன்றில் செருகினேன். போனை மற்றதில். போனை எடுத்தால் சத்தம் நன்றாக வருகிறது. கம்ப்யூட்டரோ, டயல் டோன் இல்லை என்கிறது. ஐந்து தடவை. முதுகெல்லாம் வேர்வை.

பின்னால் நின்ற ஜமீலா மெதுவாக, "வயரு ரெண்டும் மாறி இருக்குமோ டீச்சர்?"

"தெரியாம பேசாதே. சும்மா இரு." வகுப்பில் அதட்டுகிற அதே குரல்.

மாமியார்: "என்ன டீச்சர், கெட்டுப் போச்சா?"

என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "தூசி துடைக்கும்போது யாரோ பின்னால எதையோ அசைச்சிருக்காங்க."

தூசி துடைப்பது ஜமீலா.

"படிச்சுப் படிச்சு சொன்னேன், அதுகிட்ட போவாதட்டின்னு! இனிமே டீச்சர் வந்தாத்தான் அந்தத் துணிய எடுக்கணும், கேட்டியா?"

ஜமீலா என்னைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மோடத்தோடு வந்த புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

புத்தகம், மூன்றாம் பக்கம். படமே போட்டிருக்கிறது. ஒரு துளை சுவர் லைனுக்கு, ஒரு துளை போனுக்கு. மாற்றிச் செருகியிருக்கிறேன். அவள் சொன்னதேதான்.

வீட்டில் இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அதற்கில்லை. எதற்கென்று இவரிடமும் சொல்லவில்லை. அசிங்கமாக இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு ஜமீலாவின் போன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"ஜும்ஆ தொழுக முடிஞ்சு அவ்வொ போன் பண்ணினாவ டீச்சர். மாமி பக்கத்துலயே இருந்தாவ. நல்லா இருக்கியான்னாவ, நல்லா இருக்கேன்னேன். அவ்வளவுதான் பேச்சு. லெட்டர் போட்டிருக்காவளாம். நாளைக்கு வருவீங்களா?"

கல்யாணமாகி ஒன்றரை வருடம். சேர்ந்து இருந்தது நாற்பது நாள். வெள்ளிக்கு வெள்ளி ஹாலில் வைத்து இரண்டு நிமிடம். அவன் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தது எதற்கென்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதைத்தான் அவள் தொடக்கூடாது என்று ஆக்கி வைத்திருக்கிறேன்.

நாளை உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 24, சனி

அரை நாள் பள்ளி. நேரே மேலப்பாளையம்.

துணியை எடுத்தேன். வயர்களை மாற்றினேன், அரை நிமிட வேலை. டயல் சத்தம், பிறகு கீச்சென்று ஒரு இரைச்சல், கரகரப்பு. விளக்குகள் எரிந்தன. மாமியார் பயந்து பிஸ்மி சொன்னார். லைன் கிடைத்துவிட்டது.

"டீச்சர் கை பட்டதும் எப்படி வேல செய்யுது பாருங்க!"

ஷாகுல் போனில் சொல்லி வைத்திருந்த முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டதும் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். முதல் வரியே, 'ஜமீலா, இதை நீ மட்டும் வாசி.' அடுத்து, இங்கே எழுதக்கூடாத நாலு வரி. அப்புறம், அவளுக்கு விசாவுக்குக் கொடுத்திருப்பதும், தன் உம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்பதும்.

"வாசிங்க டீச்சர்" என்றார் மாமியார். ஜமீலா அடுக்களை நிலைப்படியில்.

"அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லணும். ஜமீலா எதையும் அசைக்கல. நான்தான் வயரை மாத்திச் செருகினேன். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெட்கப்பட்டு அவ மேல போட்டேன். இந்த நாற்காலியில அவதான் உட்காரணும்."

சொல்லிவிட்டேன். அப்பாடா என்று இருந்தது, ஒரே ஒரு நிமிடம்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "பாத்தியாட்டி, ஒன்னையக் காப்பாத்த டீச்சர் பழிய தன் தலையில போட்டுக்கிடுதாவ. இவ்வளவு படிச்சவங்களுக்கு இது தெரியாமயா போவும்! நீங்க வாசிங்க டீச்சர்."

"நிஜமாத்தாம்மா..."

"வாசிங்க."

எழவில்லை நான். வாசித்தேன். சுகம், வெயில், உங்கள் கால் வலி எப்படி என்று அவன் எழுதாததையெல்லாம் வாசித்தேன். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசல் வரை ஜமீலா வந்தாள். "நெசமா என்ன எழுதியிருக்காவ டீச்சர்?"

செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து, அவள் புருஷன் அவளுக்கு மட்டும் எழுதியதை, அந்த நாலு வரியையும் விடாமல், நான் அவள் காதில் சொன்னேன்.