உயரமாக வந்த பாஸ்

கையில் ரப்பர் வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். ஆனாலும் மகள் என் விரலை மோந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு இன்று நம் மாத்தளைப் பாடசாலை கிரவுண்டுக்குப் போனேன். பழைய மாணவிகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி. நீ இருந்திருந்தால் எப்போதோ என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாய். காய்ச்சல் என்றார்கள், நாலாம் நாள் நீ இல்லை. அதுவும் இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

மகள் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஆபரேஷன் செய்த வயிறு. பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கினாலே கை நடுங்கும். படியில் இறங்கும்போது நழுவ விட்டுவிடுவேனோ என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவேன். ஆறாம் மாதம் கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, சுவரைத் தள்ளுகிற பயிற்சியும், முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குகிற பிளாங்க்கும் மெதுவாகத் தொடங்கலாம் என்றார். பிளாங்க் என்றதும் நீதான் நினைவுக்கு வந்தாய்.

நாம் இருவரும் வலைப்பந்திலிருந்து கூடைப்பந்துக்கு வந்தவர்கள். எனக்குப் பழைய பழக்கம் போகவேயில்லை: நின்ற இடத்திலேயே, பந்தைத் தலைக்கு மேல் வைத்து, கையால் மட்டும் எறிவேன். முதல் பாதியில் விழும். கடைசிக் குவார்ட்டரில் இடுப்பு பின்னால் சாய்ந்து, பந்து ரிங்குக்கு ஒரு சாண் முன்னாலேயே இறங்கிவிடும். கைக்கு முன்பே வயிற்றுத் தசைதான் சோர்கிறது என்று சொல்லி, தினமும் வீட்டில் பிளாங்க் செய்யச் சொன்னார் ஸ்போர்ட்ஸ் மிஸ். நீ செய்தாய். நான் செய்ததாகச் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம்டி?"

"ரெண்டு."

"ரெண்டா? அப்ப ஏன்டி தண்ணிப் போத்தலத் திறக்க என்கிட்ட நீட்டுற?"

அந்த இறுதிப் போட்டியில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம். நேரம் முடியப் போகிறது. நீ எனக்குப் பாஸ் கொடுத்தாய். நெஞ்சுக்கு வரவேண்டிய பந்து நெற்றிக்கு வந்தது. பிடித்து எறிந்தேன், ரிங்கைத் தொடவேயில்லை. "பாஸ் உயரமா வந்துச்சு மிஸ்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. திரும்பி வரும் வழியெல்லாம் வேனுக்குள் உன்னைத்தான் குத்திக் குத்திப் பேசினார்கள். நீ ஜன்னல் பக்கம் பார்த்து வடை தின்றுகொண்டிருந்தாய். பிறகும் நாம் சிநேகிதிகள்தான். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. நீ போன பிறகு அது என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இன்று உன் தங்கச்சி எனக்குப் பந்து போட்டாள். நேராக நெற்றிக்கு. எறியாமல் பந்தைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன்.

"என்னக்கா, இதுதானே ஒங்க பாஸ்? ஒங்களப் பத்தி எங்கக்கா சொல்லும், அவ பிளாங்க் செய்யாம டிமிக்கி குடுக்குறவ, கடைசியில கை தூக்க ஏலாது, பந்த மேலயே குடுத்தா அப்படியே எறிய லேசுன்னு."

"அப்ப அன்னைக்கு ஏன் அதச் சொல்லல?"

"சொன்னா மிஸ் ஒங்களத் திட்டுவாங்கல்ல. வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். கோவமெல்லாம் இல்லக்கா."

கிரவுண்ட் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தால் அல்ல. எல்லாம் தெரிந்துகொண்டே அத்தனை வருடம் என்னோடு இருந்திருக்கிறாய். நம் அணியில் விளையாடிய மூன்று பேர் அங்கே நின்றார்கள். பாஸ் நல்ல பாஸ், நான்தான் பொய் சொன்னேன் என்று அவர்களிடம் சொன்னேன். "இதச் சொல்ல ஒம்பது வருஷமாடி?" என்றாள் ஒருத்தி. பிறகு பத்துத் தரம் எறிந்தேன். நாலு விழுந்தது. பத்தாவது விழவில்லை, ஆனால் ரிங் வரை போனது.

வீட்டுக்கு வந்து கை கழுவியதும் என் மாமியார் மகளைக் கொடுத்தார். நான் குனியத் தேவையில்லாமல், என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். இந்த எட்டு மாதமும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. கை கொஞ்சம் நடுங்கியது, பிடி விடவில்லை.

"பாரமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி" என்றேன். "சரியா வந்துச்சு."