ஒரு சொட்டும் ஒழுகாத வண்டி

என் அண்ணே,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. டாக்ஸி, அன்று கட்டி இழுத்து வந்து நிறுத்திய அதே சந்தில்தான் நிற்கிறது. இனி மதினியின் தம்பி வேலு ஓட்டப்போகிறான். மதினிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் வேறு வழியில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தைப்பூசத்துக்கு முதல் சவாரி பிடித்துவிட்டான். அதே பழனி ரோடு. மற்ற டிரைவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். "ஏலே அப்பு, தெனம் நாலு செம்பு தண்ணி குடிக்குதுடா. எங்க போகுதுன்னே தெரியல" என்று ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். ஹோஸில் ஈரமில்லை, பம்பில் ஈரமில்லை, தரை காய்ந்து கிடந்தது. "எங்க ஒழுகுது, காட்டு. ஊத்த மறந்துட்டு வண்டி மேல பழி போடாத" என்றேன். மெக்கானிக் டிப்ளமோ வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது எனக்கு. வேறெப்படிப் பேசுவேன்?

அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவில்லை. ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள் என்று, மதினியின் டப்பாவிலிருந்து மஞ்சள் தூளை அள்ளி ரேடியேட்டரில் போட்டாய். ஓட்டை இருந்தால் அடைத்துக்கொள்ளுமாம்.

"மஞ்சத் தண்ணி ஊத்துறியே, வண்டி வயசுக்கு வந்திருச்சா?"

"ஆமாடா. சித்தப்பன் நீதான், பந்தலப் போடு."

சந்தே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அடுத்த வாரம், பழனி ரோட்டில் கன்னிவாடி பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் வண்டி கொதித்து நின்றது. நீ தண்ணீர் மொள்ளும் தகரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனாய். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. விளிம்பு மண் உன்னோடு சரிந்துவிட்டது. சவாரி வந்தவர்கள், நேரமாகிறதே என்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதா?

போன ஞாயிறு வண்டியைக் கிளப்பினோம். கைப்பிடி போட்டுச் சுற்றியதும் புகைக்குழாயில் வெள்ளை ஆவி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே தண்ணீரில் குமிழி. நான்கு பிளக்கையும் கழற்றினேன். மூன்றில் கரி. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை அண்ணே, உள்ளே, சிலிண்டருக்குள் போய் ஆவியாகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியை நான் உனக்குத் தரவில்லை.

வேலு குனிந்து தரையைப் பார்த்தான். "எங்க ஒழுகுது, காட்டுங்க மாப்ள. ஒரு சொட்டு இல்ல. படிச்சவுகளுக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும்போல."



சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், நம்மூர் உப்புத் தண்ணீரால் படிந்ததை எடுக்கலாம் என்று சலவைச் சோடாவைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, செத்த நேரம் ஓடவிட்டு, மறுநாள் வரை ஊற வைத்தேன். காலையில் அடித் திருகைத் திறந்தால் சிவப்பு. துரு என்று நினைத்தேன். துரு பழுப்பாக வரும். இது ஆரத்தித் தட்டின் சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சோடா பட்டாலும் அப்படித்தான். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், சந்தில் ஓடிய அந்தத் தண்ணீரைத் தாண்டக் கால் வரவில்லை.

ஹெட்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். தண்ணீர்த் துளையிலிருந்து மூன்றாம் சிலிண்டர் வரைக்கும் நூலிழை விரிசல். சும்மா பார்த்தால் தெரிந்திருக்காது. உன் மஞ்சள் அதன் வழியே கசிந்து, சிவந்து, காய்ந்து கோடாக நின்றது. காட்டு என்றேனே, காட்டிவிட்டாய்.

மதினியைக் கூப்பிட்டேன். கோட்டின் மேல் விரல் வைத்தாள்.

"அப்ப அவுக ஊத்த மறக்கலல்ல?"

"மறக்கல மதினி."

உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

வேலு விடவில்லை. பட்டறையில் பற்றவைத்துத் தருவார்களாம், இரண்டு நாள் வேலையாம். வார்ப்பிரும்பு அண்ணே, அந்தச் சூட்டில் விரிசல் இன்னும் நீளும், யார் கண்ணுக்கும் படாமல். புது ஹெட்டுக்கு மதுரையில் சொல்லியிருக்கிறேன். எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை. தைப்பூசம் நெருங்குகிறது. வேலு தினமும் வந்து வண்டியைத் துடைக்கிறான், என்னோடு பேசுவதில்லை. நேற்று டிக்கியைத் திறந்து பார்த்தேன். கிணற்றிலிருந்து உன்னோடு எடுத்தார்களே அந்தத் தகரம், அதைக் கழுவி உள்ளே வைத்திருக்கிறான்.

பழைய ஹெட் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. புதியது பூட்டும்வரை யார் வந்து கேட்டாலும் அது அங்கிருந்து நகராது. பூட்டிய பிறகு முதல் சவாரியில் வேலு பக்கத்தில் நான் உட்காருவேன், அந்தக் கிணறு தாண்டும்வரை. தண்ணீருக்கு இறங்க வேண்டி வந்தால் நான்தான் இறங்குவேன், அவனை இறங்க விடமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

எங்க ஒழுகுது, காட்டு என்று கேட்ட
உன் தம்பி