வாடி கண்ணு

சினாமி கண்ணு,

குடிநோய் ஆஸ்பத்திரி நர்ஸும் குழந்தைகள் நல அதிகாரியும் நேற்று சேர்ந்தே வந்தார்கள். நர்ஸ் என் பார்லி டீயைக்கூட முகர்ந்து பார்த்தார். "டீயேதாங்க! ஞாயித்துக்கிழமை காப்பகத்துலேர்ந்து பொண்ணைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்று சிரித்தார்.

முன்பெல்லாம் பள்ளிவிட்டு வந்ததும் வாசலில் நின்று "வந்துட்டேன்" என்பாய். "வாடி கண்ணு" என்கிற என் குரல் குழறினால், ஷூவைக் கழற்றாமலே திரும்பிப் போய்விடுவாய். எனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியபோது, ஆசையாக, காலி வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்றேன்.

உள்ளேயிருந்து "வாடி கண்ணு" என்று குழறிக்கொண்டே பதில் வந்தது. என் குரல்தான். சத்தியமாக நான் ஒரு சொட்டும் தொடவில்லை.

ஷூவைக் கழற்றாமலே ஓடிப்போய் நர்ஸிடமும் அதிகாரியிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வராதே. உள்ளே இருப்பவள் முதலில் போகட்டும்.

உன்னைப் போலவே வாசலில் நிற்கும்,
அம்மா